ஆர்பிஜி பாட்காஸ்ட்: சிலதை மட்டும் நிறுத்தவே மனசு வராதது ஏன்?

பகடைக்கூடு கேட்டது:

டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டிக் கதை நகர்த்தும் ஆட்டம்) ஆடுவதைப் பதிவுசெய்து வெளியிடும் பாட்காஸ்ட்களில் சிலவற்றை 3 மணி நேரமானாலும் கேட்க முடிகிறது. சிலவற்றை 20 நிமிடத்திலேயே நிறுத்தத் தோன்றுகிறது. இத்தனைக்கும் இரண்டிலும் ஆடுவது அதே 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பு. 'கிரிட்டிகல் ரோல்' குழுவினர் தொழில்முறைக் குரல் நடிகர்கள், அதனால்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் 'தி அட்வென்ச்சர் ஸோன்' 2014இல் தொடங்கியபோது, அண்ணன் தம்பி மூவரும் அவர்கள் அப்பாவும் கடையில் கிடைக்கும் ஸ்டார்ட்டர் செட்டை வைத்துத் தட்டுத்தடுமாறி ஆடியதுதான். அதுவும் காதைப் பிடித்து உட்கார வைக்கிறது. ஆக, குரல் மட்டும் காரணமில்லை.

நாங்கள் ஒரு ஜிஎம் (கதையை நடத்துபவர்), நான்கு ஆட்டக்காரர்கள். தமிழில் ஆடிப் பதிவுசெய்யும் எண்ணம். ஒரு அமர்வு சுமார் 3 மணி நேரம் போகும். மைக் வாங்கக் கிளம்புவதற்கு முன்னால், கேட்பவருக்கு எது பிடிக்கிறது, எது எரிச்சலூட்டுகிறது என்று தெரிய வேண்டும். "கெமிஸ்ட்ரி இருந்தா தானா வரும்" வகைப் பதில்கள் போதும் போதும் என்றாகிவிட்டது. செய்து பார்க்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.

---

அரைக்காது பதில்:

மேசையில் இருப்பவருக்குத் தெரிவதில் பாதிகூடக் கேட்பவருக்குத் தெரியாது. மேப் தெரியாது, மினியேச்சர் தெரியாது, பகடையில் விழுந்த எண் தெரியாது, ஜிஎம் முகத்தில் ஓடும் சிரிப்பும் தெரியாது. போதாக்குறைக்கு அவர் பாத்திரம் கழுவிக்கொண்டோ பஸ்ஸில் தொங்கிக்கொண்டோ கேட்கிறார். நல்ல பாட்காஸ்ட் இதையெல்லாம் வாயால் ஈடுகட்டுகிறது. மோசமானது, நாலு பேர் ஆடுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்கும் நிலையில் நம்மை விட்டுவிடுகிறது.

முதலில் சரிசெய்ய வேண்டியது பகடை உருட்டும் தருணம். பெரும்பாலான குழுக்களில் அது இப்படித்தான் போகும்:

"நான் சுவர்ல ஏறுறேன்."
"சரி, உருட்டு."
"14."
"கூட என்ன? அத்லெடிக்ஸ்தானே?"
"ஆமா... இரு... கூட்டல் 3. 17."
"ம், ஏறிட்ட."

20 முகப் பகடையில் விழுந்த எண்ணோடு கதாபாத்திரத்தின் திறமைக்கான எண்ணைக் கூட்டுகிறார்கள்; ஆட்டமாக இதில் குறை ஒன்றும் இல்லை. கேட்பவருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. 14 நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று அவருக்குத் தெரியாது; தவறினால் என்ன ஆகும் என்றும் தெரியாது. பகடை ஓய்ந்து கணக்கு முடிந்த பிறகு தீர்ப்பு மட்டும் வருகிறது. அதையே இப்படி ஆடிப் பாருங்கள்:

"மழையில சுவர் வழுக்குது. மேல விளக்கு வெளிச்சம் நகருது, காவக்காரன் திரும்பி வர்றான். 15 வேணும். தவறினா நீ விழமாட்ட, ஆனா ஒரு கல்லு பேந்து கீழ விழும். அவனுக்குக் கேக்கும்."
"எனக்குக் கூட்டல் 3. அப்ப பகடையில 12 விழணும்."
(பகடை உருளும் சத்தம்)
"...11."

அந்தப் "11" காதில் விழுந்த நொடியில் கேட்பவர் "அய்யோ" என்கிறார். ஜிஎம் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. வேண்டிய எண், தவறினால் வரும் விளைவு, பகடையில் எவ்வளவு விழ வேண்டும் என்ற மூன்றையும் உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஜிஎம் இலக்கு எண்ணை மறைத்து ஆடும் பழக்கம் மேசைக்குச் சரி. ஒலியில் அது பதற்றத்தைக் கூட்டுவதில்லை, குறைத்துவிடுகிறது.

இன்னொன்று: விளைவில்லாத உருட்டல் வேண்டாம். தவறினால் "மறுபடி முயற்சி பண்ணு" என்றுதான் சொல்லப்போகிறீர்கள் என்றால் உருட்டாமலே கதவைத் திறந்துவிடுங்கள்.

அடுத்து சண்டை. கேட்பவர்கள் நிறுத்திவிட்டுப் போவது பெரும்பாலும் இங்கேதான். கணக்குப் போடுங்கள்: நான்கு ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 2 நிமிடம், ஐந்து கோப்ளின்களுக்குத் (குட்டிப் பூத எதிரிகள்) தலா 1 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 13 நிமிடம். நான்கு சுற்றில் 52 நிமிடம். ஒரு எபிசோட் அங்கேயே தீர்ந்தது. குறைக்க வழி உண்டு. கோப்ளின்கள் எல்லாம் ஒரே முறையில் சேர்ந்து நகரட்டும். தாக்கும் பகடையையும் சேதப் பகடையையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை முடியும்போதும் "இப்ப மீனா, அடுத்து கதிர், ரெடியா இரு" என்று ஜிஎம் சொல்லிவிட்டால், கதிர் தன் முறை வந்த பிறகு மந்திரப் பட்டியலைப் புரட்டமாட்டான். முதல் சுற்று முடிந்ததும் கோப்ளினின் ஏசி (அதை அடிக்க எட்ட வேண்டிய எண்) 15 என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு "16, பட்டுச்சு" என்று ஆட்டக்காரரே முடித்துவிடுவார். 2014 விதிப்புத்தகத்தில் கோப்ளினுக்கு இருப்பதே 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப்புள்ளி). பாதிப் பேர் செத்ததும் மிச்சம் ஓடட்டும். கடைசி ஒன்றைத் துரத்தித் துரத்தி அடிப்பது யாருக்கும் சுவாரஸ்யமில்லை.

எண் போட்டு எதிரிகளைக் கூப்பிடாதீர்கள். "கோப்ளின் 3" யார் என்று காதுக்கு நினைவிருக்காது. "ஒத்தக் காதன்", "மணி கட்டினவன்" என்றால் நிற்கும். அதேபோல் "நான் இங்க வர்றேன்", "அவன் அந்தப் பக்கம்" போன்ற பேச்சு மேப்பைப் பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியது. யாராவது "இங்க" என்றதும் ஜிஎம் அதை "கிணத்தடிக்கு வர்றியா?" என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 15 விநாடியில் யார் எங்கே, யார் ரத்தக் காயத்தோடு நிற்கிறார்கள் என்று ஒரு படம் போட்டுவிடுங்கள். அது மேசையில் இருப்பவர்களுக்கும் உதவும்.

---

நாலுவிரல்கடை பதில்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஒலி மோசமாக இருந்தால் அதைக் கேட்கும் அளவுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். ஒரு ஆள் பேசும் பாட்காஸ்டில் சுமாரான ஒலியைக் காது பொறுத்துக்கொள்ளும். ஐந்து பேர் ஒரே நேரத்தில் சிரித்துக் கத்தும் ஆட்டத்தில் பொறுக்காது.

மேசை நடுவில் ஒரே ஒரு கண்டென்சர் மைக் (சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் வகை) வைக்காதீர்கள். அறை எதிரொலி, பகடை, சிப்ஸ் பாக்கெட் எல்லாம் ஒரே அளவில் விழும். பிறகு எதையும் பிரிக்க முடியாது. ஆளுக்கொரு டைனமிக் கார்டியாய்டு மைக்தான் (முன்னால் கிட்டே பேசுவதையே நன்றாகப் பிடிக்கும் வகை) வழி. ஷூர் எஸ்எம்58, சாம்சன் கியூ2யூ மாதிரியானவை தாராளம். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல்கடை இடைவெளி, 7 முதல் 10 செ.மீ. நேருக்கு நேராக இல்லாமல் வாயோரத்திலிருந்து சற்றுச் சாய்த்து வைத்தால் 'ப' உச்சரிக்கும்போது வரும் காற்றடி குறையும். பக்கத்து ஆளின் மைக், உங்கள் வாய்க்கும் உங்கள் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி இருக்க வேண்டும். 10 செ.மீ.யில் பேசினால் 30 செ.மீ. இதைவிட நெருங்கினால் ஒரே குரல் இரண்டு மைக்கில் சற்று முன்பின்னாக விழுந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும்.

ஐந்து பேர் என்கிறீர்கள். ஜூம் போட்ராக் பி4 என்ற பதிவுக் கருவியில் மைக் உள்ளீடு நான்குதான், ஒரு ஆள் வெளியே நிற்பார். பி8இல் ஆறு உண்டு. ஐந்து யூஎஸ்பி மைக்குகளை ஒரே கம்ப்யூட்டரில் செருகலாமே என்று தோன்றும், வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் தனி கடிகாரம், நேரம் போகப்போக டிராக்குகள் (ஒவ்வொருவரின் தனிக் குரல் பதிவு) ஒன்றையொன்று விட்டு நகரும்.

எப்படிப் பதிந்தாலும் ஆளுக்கொரு தனி டிராக் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எடிட்டிங் என்று ஒன்றே இல்லை. கருவியில் வசதி இருந்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரம். சாதாரணப் பேச்சு மைனஸ் 18 டெசிபல் பக்கம், கத்தும்போது மைனஸ் 6ஐத் தாண்டாமல் இருக்கும்படி கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வையுங்கள். பகடையில் 20 விழுந்தால் எல்லோரும் கத்துவார்கள். ஒலிச் சோதனையிலேயே ஒரு தடவை கத்தச் சொல்லிப் பாருங்கள். "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று மெல்லச் சொல்லி அளவு வைத்தால் ஆட்டத்தின் உச்சக்கட்டம் முழுக்கக் கிழிந்து கேட்கும்.

பகடைச் சத்தம் தனிக் கதை. மரமேசையில் உருட்டினால் அதிர்வு ஸ்டாண்ட் வழியே மைக்குக்குள் ஏறி இடிபோல் கேட்கும். அதைப் பின்னால் எடுக்க முடியாது, ஏனென்றால் அதே நொடியில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே துணியோ ஃபெல்ட்டோ ஒட்டிய தட்டில் உருட்டுங்கள். தட்டுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்று. மைக் ஸ்டாண்ட் தரையில் நிற்கட்டும், மேசையில் கவ்வியிருக்க வேண்டாம். உலோகப் பகடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதற்காகச் சத்தமே இல்லாமலும் செய்துவிடாதீர்கள். பகடை உருண்டு நிற்கும் அந்த ஒரு நொடிதான் இந்த வகைப் பாட்காஸ்ட்டின் முத்திரை ஒலி.

நம் ஊரில் பதிபவர்களுக்கு மின்விசிறி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் உறுமலை எடுக்கும், காற்றின் 'ஷ்ஷ்' ஒலியை எடுக்காது. நாய்ஸ் ரிடக்ஷனை அதிகம் ஏற்றினால் எல்லோரும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவார்கள். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, நிற்கும் ஃபேன் ஒன்றை மைக்கின் பின்பக்கம் இருக்கும்படி தூரத்தில் வையுங்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். 40 நிமிடத்துக்கு ஒரு இடைவேளை விட்டு அறையைக் குளிர வைத்துக்கொள்ளலாம்.

கடைசியில் வெளியீடு: ஸ்டீரியோ என்றால் மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (மொத்தச் சத்த அளவு), மோனோ என்றால் மைனஸ் 19, உச்சம் மைனஸ் 1 டெசிபல். இரண்டு பேர் குரல் ஒரே மாதிரி இருந்தால் ஒருவரைச் சற்று இடமும் ஒருவரைச் சற்று வலமும் தள்ளலாம், 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்பவர்கள் ஏராளம்.

---

உளறுவாயன் பதில்:

எல்லாத்தையும் இப்படி இஸ்திரி போட்டா கடைசில ரேடியோ நாடகம்தான் மிஞ்சும். ஜனங்க ஆர்பிஜி பாட்காஸ்ட் கேக்குறதே, அடுத்து என்ன வரும்னு பேசுறவங்களுக்கே தெரியாதுங்கிறதுக்காக. 'கிரிட்டிகல் ரோல்' முதல் ரெண்டு கேம்பெய்ன்ல (பல எபிசோட் ஓடுற தொடர்கதை) பெரும்பகுதி நேரலையா போனது, வெட்டவே இல்ல. ரெண்டாவது கேம்பெய்ன் 141 எபிசோட். அதையும் உக்காந்து கேட்டாங்களே?

கெமிஸ்ட்ரின்னு சொல்லக்கூடாதுன்னுட்டீங்க. சரி, அதையே செய்யற மாதிரி சொல்றேன். ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு அமர்வுக்கு ரெண்டு தடவையாவது இன்னொருத்தர் கதாபாத்திரத்தைக் கேள்வி கேக்கணும். "நீ ஏன் அந்த மோதிரத்தைக் கழட்டவே மாட்டேங்குற?" அவ்வளவுதான். ஜிஎம்-கிட்ட மட்டுமே எல்லாரும் பேசுற ஆட்டம், வரிசையில நின்னு டோக்கன் வாங்குற மாதிரி இருக்கும். அடுத்தவன் சொன்னதுக்குச் சிரிக்கிறது, "டேய் வேணாண்டா"ன்னு பதறுறது, இதுதான் கேக்குறவனுக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்குது. போனைப் பாத்துட்டு இருக்கிறவன் மைக்ல நல்லாவே தெரிவான். அவன் முறை வந்ததும் "என்ன நடந்துச்சு?"ன்னு கேப்பான்.

---

அரைக்காது பதில்:

உளறுவாயன் சொல்வதில் பாதி ஏற்கிறேன். ஆனால் நேரலையில் வெட்டாமல் போனது ஓடியதற்குக் காரணம் வெட்டாதது இல்லை. அவர்கள் ஒளிபரப்பத் தொடங்கும் முன்பே அந்தக் கேம்பெய்னை வீட்டில் நெடுநாள் ஆடியிருந்தார்கள். கதாபாத்திரம், ஒருவர் பேசும்போது ஒருவர் விடும் இடைவெளி, எல்லாம் கைவந்த பிறகுதான் 2015இல் ஒளிபரப்புக்கே வந்தார்கள். முகமும் திரையில் தெரிந்தது. வெறும் ஒலியில், முதல் அமர்விலேயே அதை எதிர்பார்க்க முடியாது.

என் கணக்கு: 3 மணி நேர அமர்விலிருந்து 70 நிமிட எபிசோட். இரண்டு சுற்றாக வெட்டுங்கள். முதல் சுற்றில் பெரிய துண்டுகள்: விதிப்புத்தக வாக்குவாதம், டீ வந்தது, ஹிட் பாயிண்ட் கூட்டல் கழித்தல், 25 நிமிடம் போட்டு கடைசியில் கைவிட்ட திட்டம். இரண்டாவது சுற்றில் சின்ன இடைவெளிகள். வெட்ட வேண்டிய இடம் வரும்போது ஆடும்போதே ஜிஎம் இரண்டு தடவை கைதட்டிவிட்டால், அலைவடிவத்தில் இரட்டை ஊசியாகத் தெரியும், தேட வேண்டாம்.

வெட்டக்கூடாதது: முக்கியமான உருட்டலுக்கு முந்தைய அமைதி, அதன்பின் வரும் கூச்சல், ஒருவர் முடிவெடுக்கத் தயங்குவது. தயக்கத்தை வெட்டினால் கதாபாத்திரம் எதையும் யோசிக்காமல் செய்வது போல் ஆகிவிடும். பொதுவாக எடிட் செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: 20ஆவது நிமிடத்தில் ஒரு ஜோக்கை வெட்டிவிடுவார்கள், 95ஆவது நிமிடத்தில் எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள். கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. முழுவதையும் ஒரு தடவை கேட்காமல் கத்தரியை எடுக்காதீர்கள்.

---

பகடைக்கூடு பதில்:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஐந்தாம் பதிப்பையே பிடித்துக்கொள்ள வேண்டுமா, ஒலிக்கு இன்னும் தோதான விதிமுறை இருக்கிறதா? ஒருவர் வெளியூரில் இருப்பதால் சில வாரம் டிஸ்கார்டில்தான் (இணையவழிக் குரல் அரட்டைச் செயலி) ஆட முடியும். அதை எப்படிப் பதிவது?

---

விதிப்புத்தகம் பதில்:

விதிமுறை பற்றி மட்டும் பேசுகிறேன். ஒலிக்கு எது தோது என்பதற்கு ஒரே கேள்விதான்: பகடை எண்ணைக் கேட்டவுடன் விதி தெரியாதவருக்கும் பொருள் புரிகிறதா?

'கால் ஆஃப் கதுலு' என்ற பயக்கதை ஆட்டம் இதில் எளிது. நூலகத் தேடல் திறமை 45 என்றால் நூறு முகப் பகடையில் 45 அல்லது அதற்குக் கீழ் விழ வேண்டும். கூட்டல் கிடையாது, யாருக்கும் விளக்க வேண்டாம். கடினம் என்றால் அதில் பாதி, 22. மிகக் கடினம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 9. ஏழாம் பதிப்பில் தவறிய உருட்டலை 'புஷ்' செய்து இன்னொரு தடவை முயலலாம். ஆனால் இந்த முறையும் தவறினால் நிலைமை மோசமாகும், அது எப்படி என்பதை நடத்துநர் முன்கூட்டியே சொல்லலாம். மேலே அரைக்காது சொன்ன உத்தி இங்கே விதியாகவே இருக்கிறது. பயக்கதை ஒலியில் நன்றாக எடுபடுவதும் சேர்ந்துகொள்கிறது.

'பவர்ட் பை தி அபோகலிப்ஸ்' குடும்பத்து ஆட்டங்களில் இரண்டு ஆறுமுகப் பகடை. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 என்றால் நடக்கும், ஆனால் விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் கதை உங்களுக்கு எதிராகத் திரும்பும். கூட்டல் 1 உள்ள கதாபாத்திரத்துக்கு முழு வெற்றி 36இல் 10, நடுத்தரம் 16, தோல்வி 10. அதாவது அடிக்கடி விழுவது அந்த நடுத்தரம்தான். ஒவ்வொரு உருட்டலிலும் ஏதோ ஒன்று மாறுகிறது, "ஒண்ணும் நடக்கல" என்ற பேச்சே இல்லை. ஐந்தாம் பதிப்பில் கூட்டல் 5 உள்ள வீரன் கோப்ளினை அடித்தால் 20இல் 9 தடவை வாள் காற்றைத்தான் வெட்டும். மேசையில் அது சலிக்காது, காதில் சலிக்கும். 'ஃப்ரெண்ட்ஸ் அட் தி டேபிள்' என்ற பாட்காஸ்ட் தன் முதல் சீஸனுக்கு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த 'டஞ்சன் வேர்ல்ட்'டை எடுத்தது. சீஸனுக்கு ஏற்றபடி விதிமுறையை மாற்றிக்கொண்டே போகும் குழு அது. கேட்டுப் பாருங்கள், எந்த விதி எந்த மாதிரிப் பேச்சைக் கிளப்புகிறது என்பது நன்றாகத் தெரியும்.

திருட்டு, கொள்ளைக் கதை என்றால் 'பிளேட்ஸ் இன் தி டார்க்'. திட்டம் போடும் 25 நிமிடத்தை அது விதியாலேயே தூக்கிவிட்டது. எந்த வழியாக நுழைகிறோம் என்று ஒரு வரி, ஒரு உருட்டல், நேரே கட்டிடத்துக்குள். காவலாளி எதிர்ப்பட்டால் "நேத்தே இவனுக்குக் காசு கொடுத்துட்டோம்" என்று ஃபிளாஷ்பேக் போடலாம். அதற்கு ஸ்ட்ரெஸ் புள்ளி செலவாகும். வட்டம் வரைந்து துண்டு துண்டாக நிரப்பும் 'கிளாக்' மட்டும் ஒலியில் தெரியாது. "எச்சரிக்கை மணி, 6இல் 4 ஆயிடுச்சு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் மீறி ஐந்தாம் பதிப்புக்கு ஒரு நன்மை இருக்கிறது: கேட்கவரும் ஆள் அதைத்தான் தெரிந்து வைத்திருப்பார். அதோடு போவதானால் 1ஆம் லெவலிலிருந்து 5ஆம் லெவலுக்குள் கதையை முடியுங்கள். அதற்கு மேல் மந்திரப் பட்டியல் நீண்டு, ஒரு முறைக்கு 4 நிமிடம் யோசிப்பார்கள். ஐந்து குரல் என்பதும் ஒலிக்கு அதிகம்தான். குழுவை இரண்டாகப் பிரித்து, 6 நிமிடத்துக்கு ஒருமுறை இங்கிருந்து அங்கே தாவினால் காதுக்கு ஒரு நேரத்தில் மூன்று குரல்தான். தாவும் இடம் ஒரு கேள்வி எழும் இடமாக இருக்கட்டும், பதில் வந்த பிறகு தாவினால் கொக்கி போய்விடும். "குழுவைப் பிரிக்காதே" என்று மேசையில் சொல்லும் பழைய அறிவுரை பாட்காஸ்ட்டுக்குப் பொருந்தாது.

---

நாலுவிரல்கடை பதில்:

டிஸ்கார்ட் விஷயம். 'கிரெய்க்' என்ற பாட் (தானியங்கி நிரல்) ஆளுக்கொரு டிராக்காகப் பதியும். ஆனால் அது பதிவது இணையம் வழியே வந்து சேர்ந்த ஒலியை. ஒருவர் லைன் திணறினால் பதிவும் திணறும். அதை மாற்றுப் பிரதியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரிலேயே ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் பதியட்டும். எல்லோரும் ஹெட்ஃபோன் மாட்டியாக வேண்டும், ஸ்பீக்கர் வேண்டாம். டிஸ்கார்டின் நாய்ஸ் சப்ரஷனை அணைத்துவிடுங்கள். அது பகடையையும் சிரிப்பையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும்.

தொடக்கத்தில் "மூணு, ரெண்டு, ஒண்ணு" சொல்லி எல்லோரும் ஒரு கைதட்டல், முடிவில் இன்னொன்று. முதல் தட்டலை ஒட்டவைத்த பிறகு கடைசித் தட்டல் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள், அந்த அளவுக்கு டிராக்கை இழுத்தோ சுருக்கியோ சரிசெய்யலாம். யாராவது ஒருவர் குரல் மட்டும் கீச்சென்று வேகமாகக் கேட்டால் பெரும்பாலும் அவர் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருப்பார், உங்கள் மென்பொருள் அதை 48 என்று எடுத்துக்கொண்டிருக்கும். சுமார் 9 சதவீதம் வேகம் கூடிவிடும். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரையும் செட்டிங்கை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

---

தாழ்வாரம் பதில்:

யாரும் தொடாத இரண்டு விஷயம்.

ஒன்று, எபிசோட் தொடக்கம். "வணக்கம் நண்பர்களே, போன வாரம்..." என்று 6 நிமிடம் ஓட்டாதீர்கள். முன்கதைச் சுருக்கம் 60 விநாடி, மிஞ்சினால் 90. நடந்தது எல்லாம் வேண்டாம். இந்த எபிசோடைப் புரிந்துகொள்ளத் தேவையானது மட்டும். அதனால் அதைக் கடைசியில், எடிட் முடிந்த பிறகு எழுதிப் பதியுங்கள். முதல் எபிசோடில் நான்கு பேரும் வரிசையாகத் தங்கள் கதாபாத்திரத்தின் இனம், வகுப்பு (வீரன், மந்திரவாதி மாதிரி), பிறந்த ஊர், தாத்தா பெயர் எல்லாம் வாசிப்பது கேட்பவரை விரட்டும் உறுதியான வழி. ஆளுக்கு ஒரே ஒரு செயலோடு அறிமுகம் ஆகட்டும்: பூட்டை நோண்டிக்கொண்டிருப்பவள், கடன்காரனைக் கண்டு ஒளிபவன். பெயரை முதல் 10 நிமிடத்தில் மூன்று தடவையாவது மற்றவர்கள் கூப்பிட வேண்டும். கதையை 6 முதல் 8 எபிசோட் கொண்ட பகுதிகளாக முடித்துக்கொண்டே போனால், புதிதாக வருபவர் 43ஆவது எபிசோடைப் பார்த்து மலைக்கமாட்டார், அடுத்த பகுதியிலிருந்து ஏறிக்கொள்வார்.

இரண்டு, ஜிஎம் பேச்சு. தமிழில் ஆடுபவர்கள் வர்ணனை என்றதும் செய்தி வாசிக்கிற குரலுக்குப் போய்விடுகிறார்கள். "இருள் சூழ்ந்த அக்கானகத்தினுள்..." என்று தொடங்கினால் அடுத்த வரி பேச்சுத் தமிழுக்கு இறங்கும்போது தடால் என்று விழும். வர்ணனையும் பேச்சு நடையிலேயே, நிகழ்காலத்தில் இருக்கட்டும்: "கதவு திறக்குது. உள்ள ஈர மண் வாசம். யாரோ இப்பத்தான் விளக்கை அணைச்சிருக்காங்க, திரி இன்னும் பொகையுது." மூன்று வரி, அதில் ஒன்று கண்ணால் பார்ப்பதாக இல்லாமல் மூக்குக்கோ காதுக்கோ உரியதாக. பிறகு உடனே "என்ன பண்றீங்க?" ஆயத்தக் கதைப் புத்தகத்தில் உள்ள பத்தியை அப்படியே வாசித்தால் மைக்கில் வாசிப்பது தெரிந்துவிடும்.

துணைப் பாத்திரங்களுக்குக் குரல் மாற்ற வராவிட்டால் கவலை வேண்டாம். வேகத்தை மாற்றினால் போதும். ஒருவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வியாக முடிப்பார். இன்னொருவர் பதில் சொல்லும் முன் இரண்டு நொடி விடுவார். மூன்றாமவர் எல்லோரையும் "தம்பி" என்பார். ஒரு வட்டாரத்தைக் கேலி செய்கிற மாதிரி வழக்கை எடுப்பது வேண்டாம், அந்த ஊர்க்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு துணைப் பாத்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சியைத் தவிருங்கள். ஜிஎம் தனக்குத் தானே பேசுவதை 2 நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

---

உளறுவாயன் பதில்:

மியூசிக் பத்தி யாருமே பேசலையே. 'தி அட்வென்ச்சர் ஸோன்'ல ஜிஎம்மே மியூசிக் போட்டாரு, அதுல பாதி உயிரு வந்துச்சு. சினிமா பிஜிஎம் கொஞ்சூண்டு போட்டா என்ன ஆகும்?

---

நாலுவிரல்கடை பதில்:

எபிசோடையே எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் ஆகும். சில விநாடி என்றால் பரவாயில்லை என்று விதி ஏதும் கிடையாது. கெவின் மெக்லியோடின் இன்கம்பெடெக் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நிறைய இருக்கிறது. இசையமைப்பாளர் பெயரையும் உரிமத்தையும் எபிசோட் குறிப்பில் போட்டால் போதும். வேறு இடங்களில் எடுக்கும்போது 'வணிகப் பயன்பாடு கூடாது' என்று இருக்கிறதா பாருங்கள், பின்னால் விளம்பரம் போட்டால் சிக்கல்.

போடும் விதம்: பாடல் வரி இல்லாதது, பேச்சைவிட 18 முதல் 20 டெசிபல் கீழே. வயலின், புல்லாங்குழல் போன்றவை குரல் தெளிவு நிற்கும் அதே அலைவரிசையில் வந்து முட்டும், அடிஸ்தாயி டிரோன் (சுருதிபோல் நீளும் ஒலி) முட்டாது. காட்சி தொடங்கும்போதே போடாதீர்கள், வர்ணனையின் முதல் வரி முடிந்த பிறகு மெல்ல ஏற்றுங்கள். எபிசோட் முழுக்க ஓடவிட்டால் 10 நிமிடத்தில் காது அதை ஃபேன் சத்தமாக எடுத்துக்கொள்ளும். முக்கியமான உருட்டலுக்கு முன் இசையைச் சட்டென்று நிறுத்துங்கள். பகடை தனியாகக் கேட்கட்டும்.

---

பகடைக்கூடு பதில்:

முடிவு செய்தாயிற்று: முதலில் 'கால் ஆஃப் கதுலு' ஒரே அமர்வில் முடியும் கதை, மூன்று ஆட்டக்காரர்கள், பி4, தரையில் நிற்கும் ஸ்டாண்ட். அதை வெளியிடாமல், ஆர்பிஜியே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எந்த நிமிடத்தில் நிறுத்தினார் என்று மட்டும் கேட்கப் போகிறோம்.

---

அரைக்காது பதில்:

நிறுத்திய நிமிடத்தோடு, கதாபாத்திரங்களின் பெயர் எத்தனை நினைவிருக்கிறது என்றும் கேளுங்கள். மூன்றில் இரண்டுகூடத் தேறவில்லை என்றால் முதல் 10 நிமிடத்தை மறுபடி வெட்ட வேண்டும். கேட்பவர் நெருங்கிய நண்பராக இருக்க வேண்டாம், அவர் உங்கள் குரலுக்காகவே கடைசிவரை கேட்டுவிடுவார்.